நடுங்காத கை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சுவரோரம் இருக்கிறவர்களும் முன்னால் வாருங்கள், என் குரல் அவ்வளவு தூரம் எட்டாது. இன்றைக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். பயமே விட்டுப்போன ஒரு மனிதரின் கதை. 'அட, கொடுத்து வைத்தவர்' என்று இப்போது சொல்வீர்கள். கடைசியில் என்ன சொல்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.

அவருக்கு வேலை, உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைப்பது. கண்ணாடிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் இரண்டு கயிறு கட்டுவார்கள். ஒன்று இறங்குகிற கயிறு. மற்றது காவல் கயிறு, முதல் கயிறு போனால் பிடித்துக்கொள்ள. கயிறு சுவர் விளிம்பில் உராயாமல் இருக்க நடுவில் தடித்த கித்தான் மெத்தை ஒன்றைக் கொடுப்பார்கள். இடுப்பிலும் தொடையிலும் மார்பிலும் பட்டை மாட்டி, கொக்கியால் கயிற்றோடு பூட்டி, சுவரைத் தாண்டி, அந்தரத்தில் உட்கார்ந்தபடி கீழே இறங்கிக்கொண்டே துடைக்க வேண்டும்.

பதினேழு வருடம் அப்படி இறங்கினார். பதினேழு வருடமும் பயந்துகொண்டுதான் இறங்கினார். முடிச்சைப் போடுவார், பார்ப்பார். நாலடி போய்த் திரும்பி வந்து மறுபடி பார்ப்பார். சுவரைத் தாண்டக் காலைத் தூக்கியபிறகு மூன்றாம் தரமும் முடிச்சு, மெத்தை, கொக்கி எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார். வலது கை நடுங்கும். கூட வேலை செய்கிற ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் 'நடுங்கி'.

கேலிதான். ஆனால் அந்த நடுக்கத்தை வைத்துத்தான் அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். காற்றை அளக்க அவர்களிடம் உள்ளங்கை அளவில் ஒரு கருவி உண்டு, சின்னக் காற்றாடி வைத்தது. அதில் பேட்டரி தீர்ந்து எத்தனை காலமோ. யாரும் மாற்றவில்லை. எதற்கு மாற்ற வேண்டும்? நடுங்கியின் கை கொஞ்சம் கூடுதலாக நடுங்கினால் அவர் வாக்கி டாக்கியில் 'நிறுத்து' என்பார். அந்த ஒரு சொல் வந்தால் எந்தச் சுவரில் தொங்குகிறவனும் துடைப்பதை விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் வழக்கம். கால் மணி நேரத்தில் காற்று வந்து மாடியில் இருக்கிற வாளியை உருட்டும். "நடுங்கி வாயில சர்க்கரை போடணும்பா" என்று கீழே நின்று சிரிப்பார்கள்.

கதை நடந்த நாளுக்கு நான்கு மாதம் முன்னால் அவருக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெற்ற மகளை அடையாளம் தெரியாமல் பிதற்றினார். எப்படியோ பிழைத்து எழுந்து, ஒன்றரை மாதம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனியில் மூச்சு வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். கயிறு கட்டுவதற்கு முன்னால் பத்து நிமிடம் மாடியில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, மூச்சு போவதையும் வருவதையும் கவனிக்க வேண்டும். ஒரு டீச்சரம்மா வந்து சொல்லிக்கொடுத்தார், நல்ல மனுஷி. இரண்டாம் நாளே நம் ஆளின் கை நடுக்கம் நின்றுபோயிருந்தது. அந்த அம்மாவுக்கே மெய்சிலிர்த்துவிட்டது. கண்ணாடிக்காரர் முடிச்சை ஒரே தரம் பார்த்தார், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சுவரைத் தாண்டிவிட்டார். அன்றோடு 'நடுங்கி' போய் 'சாமியார்' வந்தார். சூப்பர்வைசர் அவரைப் படம் எடுத்துச் சாப்பாட்டு அறைச் சுவரில் பெரிதாக ஒட்டி, கீழே எழுதிவைத்தார்: 'அமைதியே பாதுகாப்பு.'

அவர் மனைவிக்கும் முதலில் சந்தோஷம்தான். அவள் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறவள். பெரிய காந்தக் குழாய்க்குள் நோயாளியைப் படுக்க வைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் பேசுவாள். குழாய்க்குள் போனதும் மூச்சு முட்டுகிறது, வெளியே விடுங்கள் என்று அலறுகிறவர்களை வெறும் குரலாலேயே படுக்க வைத்துவிடுவாள். அதில் அவளை அடித்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சாலையில் லாரி ஹாரன் அடித்தால் அவர் ஒதுங்காமல் நின்று அதை வேடிக்கை பார்த்தார். ஒருநாள் மாடிப்படியில் நாய் துரத்தி, ஏழு வயது மகள் ஓடிவந்து அப்பாவின் முன்னால் நின்றாள். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. அவர் குனிந்து பார்த்தார்.

"என்னடா பாப்பா, கண்ணை இவ்ளோ பெருசா வச்சிருக்கே? தூசி விழுந்துடுச்சா? ஊதி விடட்டுமா?"

அடுப்படியில் நின்றவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து மகளைத் தூக்கிக்கொண்டாள். நச்சரித்து நச்சரித்து, ஒருவழியாக அவரைத் தன் ஆஸ்பத்திரிக்கே அழைத்துப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நரம்பு டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"நீயே பாரும்மா. தெனம் பார்க்கிற படம்தானே."

பார்த்தாள். காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும், பாதாம் பருப்பு மாதிரி உருண்டு இருக்க வேண்டிய இடம். இரண்டு பக்கமும் சுருங்கி வெளுத்துக் கிடந்தது.

"பயம், சார்," என்றாள்.

"பயத்தோட மணி. கண்ணு பாம்பைப் பார்த்து, இது பாம்புன்னு நீ நினைக்கிறதுக்கு முன்னாடியே இது அடிச்சுடும். அடிச்ச உடனே சிறுநீரகத்துத் தலையில தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கே ஒரு சுரப்பி, அது அட்ரினலினை அள்ளி ரத்தத்துல கொட்டும். நெஞ்சு படபடக்கும், வாய் காயும், கை நடுங்கும். நெத்திக்குப் பின்னால இருக்கிற பகுதி வீட்டுப் பெரியவர் மாதிரி. 'கேட்டுச்சு, கேட்டுச்சு, அடங்கு'ன்னு மணியை அடக்கும். மூச்சைக் கவனிச்சுப் பழகினவங்களுக்கு அந்தப் பெரியவரோட பேச்சு கொஞ்சம் கூடுதலா எடுபடும்னு சொல்றாங்க."

"அப்போ இவருக்கு அந்த வகுப்பாலதான்..."

"இல்லம்மா. இவருக்கு யாரும் மணியை அடக்கல. மணியோட நாக்கையே காய்ச்சல் தின்னுடுச்சு." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொண்ணும் கேளு. அடுத்தவன் முகத்துல பயத்தைப் பார்த்தா நமக்குள்ளயும் இதே மணி லேசா அடிக்கும். அதை வச்சுத்தான் அய்யோ பாவம்னு ஓடுறோம். இவருக்கு அழுகை புரியும், கோபம் புரியும். பயந்த முகம் மட்டும் புரியாது. பாசம் போயிடுச்சுன்னு நினைச்சுடாதே. பாசம் இருக்கு, சேதி வந்து சேரல. ஆமா, அவர் என்ன வேலை செய்றார்னு சொன்னே?"

அவள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

ஏன் அப்படி எழுந்தாள் தெரியுமா? அன்றைக்குப் பத்தொன்பது மாடிக் கட்டடத்தில் அவர் பக்கத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது அவளுடைய கூடப்பிறந்த தம்பி. முப்பது வயது. கயிற்று வேலைக்கு வந்து ஒன்றரை வருடம்தான். மாமா இருக்கிறார் என்ற ஒரே தைரியத்தில் வந்தவன்.

கயிற்றில் போகிறவர்களின் போன் மாடியில் ஒரு பெட்டிக்குள் பூட்டி இருக்கும். மேலேயிருந்து விழுந்தால் கீழே போகிறவன் மண்டை பிளக்கும் என்று ஏற்பாடு. அவள் வாடகை வண்டியில் ஏறிக்கொண்டே சூப்பர்வைசரை அழைத்தாள்.

"சார், அவங்க ரெண்டு பேரையும் இறக்குங்க."

"ஏம்மா, வீட்டுல ஏதாவது...?"

"வீட்டுல ஒண்ணுமில்ல. அங்க காத்து எப்படி இருக்கு?"

"கொஞ்சம் இருக்கு. ஆனா சாமியார் ஒண்ணும் சொல்லலையே!" என்று சிரித்தார் அவர். "அவர் சும்மா இருக்கிற வரைக்கும் நமக்கென்ன?"

கேட்டீர்களா? வண்டியின் சன்னலுக்கு வெளியே மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அவள் கை நடுங்க ஆரம்பித்தது.

கட்டடத்தின் சாமான் லிப்டில் ஏறி மொட்டை மாடிக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் காற்று அவள் மேல்கோட்டைப் பிடித்து இழுத்தது. ஒரு காலி வாளி மாடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு உருண்டு போயிற்று. சூப்பர்வைசர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானும் நினைச்சேம்மா. ஆனா கயித்துல தொங்குற மூத்த ஆள் 'நிறுத்து'ன்னு சொல்றதுதான் வழக்கம். இருங்க, கேட்டுடலாம்." வாக்கி டாக்கியை எடுத்தார். "சாமியாரே, எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்." கண்ணாடிக்காரரின் குரல், வீட்டில் செய்தித்தாள் படித்துக் காட்டுகிற அதே நிதானம். "பதினொண்ணாவது மாடியில இருக்கோம். மச்சான்கூடப் பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு இருக்கான்."

பல் தெரியவா? தம்பி சின்ன வயதில் முன்பல் உடைந்தவன். கல்யாணப் போட்டோவில்கூட உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றவன். பல்லைக் காட்டிச் சிரிக்கவே மாட்டான்.

கைப்பிடிச் சுவருக்கு ஓடினாள். மேல்பாதி உடம்பை வெளியே நீட்டிப் பார்த்தாள். எட்டு மாடிக்குக் கீழே இரண்டு மஞ்சள் தொப்பிகள். ஒன்று சாவகாசமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. மற்றது கயிற்றோடு சேர்ந்து இடமும் வலமுமாக ஊஞ்சலாடி, ஒவ்வொரு வீச்சுக்கும் தோளால் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது. அவள் முகத்துக்குப் பக்கத்திலேயே, விளிம்பில், தம்பியின் கயிறு. கித்தான் மெத்தை நழுவி ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. கயிற்றின் மேல் உறை சிமெண்டில் தேய்ந்து பஞ்சு பஞ்சாகப் பிசிறு கிளம்பியிருந்தது.

மச்சானின் கயிற்றையும் பார்த்து அனுப்புகிறவர் கண்ணாடிக்காரர்தான். மூன்று தரம் பார்த்திருந்தால் மெத்தையின் கட்டு தளர்ந்திருப்பது தெரிந்திருக்கும். ஒரே தரம்தான் பார்த்திருந்தார்.

சூப்பர்வைசரும் பார்த்துவிட்டார். மனிதர் முகம் சாம்பலாகிவிட்டது. "காவல் கயிறு இருக்கும்மா," என்றார். அவருக்கே நம்பிக்கையில்லை. காவல் கயிறும் அதே விளிம்பில்தானே கிடக்கிறது? குப்புறப் படுத்து, கையுறை போட்ட கையைக் கயிற்றுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் திணித்தார். "இவனைச் சீக்கிரம் இறங்கச் சொல்லுங்க. ஆடாம இறங்கணும். என்னால ரொம்ப நேரம் பிடிக்க முடியாது."

வாக்கி டாக்கி இப்போது அவள் கையில். வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளே மணி காது செவிடாக அடிக்கிறது. கத்திவிடலாமா? 'அய்யோ, அவனைப் பாருங்க' என்று கத்தினால் என்ன ஆகும்? தம்பி இன்னும் விறைத்துப்போவான், கணவருக்கோ கத்தலில் ஒன்றும் புரியாது. கண்ணை மூடினாள். மூக்கின் நுனியில் ஒரு மூச்சு உள்ளே போவதைப் பார்த்தாள். அது வெளியே வருவதையும் பார்த்தாள். பிறகு ஸ்கேன் அறைக் குரலை எடுத்தாள்.

"டேய் தம்பி, அக்கா பேசறேன். மேலதான் நிக்கிறேன். நீ பேச வேணாம். மூச்சை மட்டும் மெதுவா வெளிய விடு. உள்ள இழுக்காதே, விடு. அவ்வளவுதான். இன்னொரு தடவை. அப்படித்தான்." பிறகு அதே குரலில், "என்னங்க, துடைக்கிறதை நிறுத்திட்டு அவன் முகத்தைப் பாருங்க."

"ஏய், நீ எங்க இங்க? வேலைக்குப் போகலையா?"

"அப்புறம் சொல்றேன். அவன் கண்ணைப் பாருங்க. கருவிழிக்கு மேல வெள்ளை தெரியுதா?"

கொஞ்சம் யோசித்து, "தெரியுது."

"உதடு?"

"ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டு இருக்கு. சிரிக்கிறான்னு சொன்னேனே."

"மூச்சை எண்ணுங்க. பத்து வினாடிக்கு எத்தனை?"

காற்று மட்டும் இரைந்தது. சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். அந்தப் பத்து வினாடி பத்து வருடமாக நீண்டது கண்ணுகளா.

"ஒம்போது."

"அதுக்குப் பேருதாங்க பயம். அவன் சிரிக்கல. செத்துடுவோம்னு பயந்துக்கிட்டு இருக்கான்."

வாக்கி டாக்கி கரகரவென்றது. பிறகு அவர் குரல், முதல்முறையாகச் சற்றுத் தடுமாறி: "அப்படியா? நான் பக்கத்துலயே இருக்கேன். எனக்கு ஏன் தெரியல?"

"காய்ச்சல் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. ஸ்கேன்ல பார்த்தோம். உங்க மேல தப்பில்ல. இப்போ அவனை இறக்கணும்."

"அவ்வளவுதானே. என் காவல் கயித்தைக் கழட்டிட்டு ஒரு ஆட்டம் ஆடினா அவனைப் போய்க் கட்டிப் பிடிச்சுடுவேன். ரெண்டு பேரும் ஒரே கயித்துல..."

சொன்னதோடு நிற்கவில்லை. அவருடைய கை மார்புப் பட்டையில் இருக்கும் கொக்கிக்குப் போவதை அவள் மேலேயிருந்தே பார்த்தாள். கண்ணுகளா, அவளுக்குள் அடித்த மணி அப்போது எப்படி அடித்திருக்கும்! ஆனால் குரல் ஏறவில்லை.

"வேணாம். கொக்கியிலிருந்து கையை எடுங்க. பழைய நடுங்கி இப்போ அங்க இருந்தா என்ன செய்வார்?"

"எனக்கு நடுக்கமே வரலையேடி."

"வர வேணாம். நடுங்கினப்போ என்ன செஞ்சீங்களோ, அதை மட்டும் வரிசையா செய்யுங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவருடைய கை கொக்கியை விட்டது. பிறகு வந்தது குரல், பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல.

"என் முடிச்சு, சரி. காவல் கயிறு, மாட்டியிருக்கு. கொக்கி, பூட்டியிருக்கு. மறுபடி. முடிச்சு, சரி. காவல் கயிறு, சரி. கொக்கி, சரி. மூணாவது..." நின்றது. "இரு. இப்போ மச்சானோடதைப் பார்க்கிறேன். அவன் இறங்குபிடியை முழுசா இறுக்கிக்கிட்டு இருக்கான். அதான் பூட்டிக்கிச்சு."

இறங்குபிடி என்பது கயிற்றில் மாட்டுகிற கைப்பிடி. பாதி அழுத்தினால் கயிறு வழுகி ஆளை இறக்கும். அரண்டுபோய் முழுக்க அழுத்தினால் பூட்டிக்கொண்டு நிற்கும். பயந்தவன் சரசரவென்று விழுந்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. பாவம், இவன் இறங்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்து அழுத்துகிறான். அழுத்த அழுத்த அது இறங்க மாட்டேன் என்கிறது.

கண்ணாடிக்காரர் தன் இரண்டு கயிறும் மாட்டியபடியே, சன்னல் சட்டத்தில் காலை ஊன்றி, கைக்கெட்டும் தூரம் நெருங்கினார். தம்பியின் இடுப்புப் பட்டையைப் பிடித்தார். ஆட்டம் குறைந்தது. அவனுடைய கைமேல் தன் கையை வைத்தார்.

அவ்வளவுதான், வாக்கி டாக்கியில் சத்தமே இல்லை.

"என்னங்க? என்னங்க?"

"இவன் கை..." என்றார். "இவன் கை நடுங்குது. இது எனக்குத் தெரியும்டி. இது என் கை. பதினேழு வருஷம் இதை வச்சுக்கிட்டுத்தானே இறங்கினேன்." பிறகு வேறு குரலில், அத்தனை பேருக்கும் கேட்கும்படி, நான்கு மாதமாக யாரும் கேட்காத அந்தச் சொல்லைச் சொன்னார்.

"நிறுத்து."

கட்டடத்தின் மறுபக்கச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த வேறு இரண்டு ஆட்களும் கேள்வி கேட்காமல் இறங்கத் தொடங்கினார்கள்.

"மாமா, முடியல மாமா," தம்பியின் குரல் அப்போதுதான் கேட்டது, கிழிந்த துணி மாதிரி. "கை கேட்க மாட்டேங்குது."

"கேட்கும்டா மாப்ள. முதல்ல கையை விடு. நான் பிடிச்சிருக்கேன். விட்டியா? இப்போ பாதி. பாதிதான். உங்க அக்கா சமையல்ல உப்பு போடுவாளே, அந்த மாதிரி."

"அக்கா போடவே மாட்டாளே மாமா."

"அதைவிடக் கொஞ்சம் கூட."

மேலே நின்றவள் அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாக வந்தது. கயிறு அசைந்தது. மஞ்சள் தொப்பிகள் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியபடி பத்தாவது மாடிக்கு இறங்கின. ஒன்பது. ஆறாவது மாடியில் ஒரு பெருங்காற்று வந்து இரண்டையும் சேர்த்துக் கண்ணாடியில் அறைந்தது. "பாதி, பாதி" என்ற குரல் மட்டும் நிற்கவேயில்லை. இருவரும் தரையைத் தொட்டு, கயிற்றின் பாரம் விட்டதும் சூப்பர்வைசர் கையை உருவி, கிழிந்த கையுறையைப் பார்த்தபடி அங்கேயே மல்லாந்துவிட்டார்.

அவள் லிப்டில் கீழே வந்தபோது தம்பி நடைபாதையில் முழங்காலுக்குள் தலையை வைத்து உட்கார்ந்திருந்தான். பட்டையைக் கழற்றக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. கண்ணாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அழுக்கான கண்ணாடியில் எங்கே கறை என்று தேடுவாரே, அப்படி.

"கருவிழிக்கு மேல வெள்ளை தெரியுது," என்றார் மெதுவாக. "உதடு இழுத்துக்கிட்டு இருக்கு. மூச்சு..." உதட்டை அசைத்து எண்ணினார். "எட்டு. உனக்குப் பயமா இருக்கு."

"ஆமா."

"என்னாலயா?"

"ஆமாங்க."

அவர் தலையை ஆட்டினார். பிறகு இடுப்புப் பட்டையைத் தானே அவிழ்த்து, மடித்து, அவள் கையில் கொடுத்தார். "இதை நீ வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காதே. எனக்கு மறுபடி ஏறலாம்னுதான் தோணுது. தோணுறதை நம்பக் கூடாதுபோல இருக்கு."

அப்புறம் என்ன? சூப்பர்வைசர் அன்றைக்கே காற்றுக் கருவிக்குப் பேட்டரி வாங்கினார். சுவரில் இருந்த படத்தைக் கிழித்தது அவரா, வேறு யாராவதா, தெரியவில்லை. கண்ணாடிக்காரர் இப்போது மாடியிலேயே இருக்கிறார். சுவரைத் தாண்டுவதில்லை. மற்றவர்களின் முடிச்சை, மெத்தையை, கொக்கியை ஒவ்வொன்றாக மூன்று தரம் தொட்டுப் பார்த்து, வாயால் சொல்லி, பிறகுதான் ஆளை அனுப்புகிறார். அனுப்புவதற்கு முன் அவன் கையைப் பிடித்துப் பார்க்கிறார். மூச்சு வகுப்பும் நடக்கிறது, அவரும் உட்காருகிறார். தம்பி மூன்று வாரம் வரவில்லை. பிறகு வந்தான்.

வீட்டில் மட்டும் ஒரு புது வழக்கம். மகள் நாயைக் கண்டு ஓடிவந்தால் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை. "அப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்கிறாள். சொன்ன அடுத்த நொடி அவர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கிக்கொள்கிறார். சேதி வந்து சேர வேண்டும், அவருக்கு அதுதான் குறை.

போய்ப் படுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு மணி ஓயாமல் அடித்து உங்களை வாட்டாமல் இருக்கட்டும், ஒருநாளும் ஊமையாகாமலும் இருக்கட்டும். பயம் வந்தால் வாய்விட்டுச் சொல்ல உங்கள் வீட்டில் ஒரு மடி இருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லோரும் பத்திரமாய் வீடு திரும்பட்டும்.